மீன் கூவிக்கொண்டு மலை இறங்கியது

பிள்ளைகள், போன கிழமை நீங்கள் போனில் எனக்கு ஒரு படம் காட்டினீர்கள். எங்கேயோ வெளிநாட்டில் ஒரு மலை. கம்பியில் தொங்கிக்கொண்டு போகிற கதிரையில் ஆட்கள் ஏறிப் போகிறார்கள். அவர்களுடைய சைக்கிளும் பக்கத்தில் தொங்கிக்கொண்டு போகிறது. உச்சியில் இறங்கி, தலைக்கும் முழங்காலுக்கும் கவசம் பூட்டிக்கொண்டு, காட்டுப் பாதையால் கீழே விடுகிறார்கள். அடிக்கு வந்ததும் திரும்பவும் கதிரை. இதற்கென்றே அங்கே ஹோட்டல் கட்டி வைத்திருக்கிறார்களாம்.

"அப்பா, இதுக்குப் பேர் டவுன்ஹில்" என்று சின்னவள் எனக்கு விளங்கப்படுத்தினாள்.

"ஓம், தெரியும்" என்றேன். எல்லாரும் சிரித்தீர்கள். குசினிக்குள் நின்ற அம்மாவும் சிரித்தா.

எனக்கு உண்மையாகவே தெரியும். அந்தக் கம்பிக் கதிரை ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் நான் செய்திருக்கிறேன். வாயால் சொன்னால் நடுவில் நடுவில் கேள்வி கேட்டுக் குழப்புவீர்கள். அதனால் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

சண்டை நடந்த காலம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. திருகோணமலையில் சைக்கிளில் மீன் விற்றுக்கொண்டிருந்தேன். விடிந்ததும் கடற்கரையில் மீன் எடுத்து, கரியரில் கட்டிய மரப்பெட்டிக்குள் ஐஸ் போட்டு அடுக்கி, துறைமுகத்துக்கு மேலே நிற்கிற மலைக்கு உருட்டிக்கொண்டு ஏறுவேன். மலை என்று நாங்கள் சொன்னாலும் அது பெரிய குன்றுதான். அதன் முன்பக்கம் தார் றோட்டும் அரசாங்க உத்தியோகத்தர்களின் குவாட்டஸ் வீடுகளும். பின்பக்கம் வெறும் பற்றையும் பாறையும். தமிழ் வீட்டு வாசலில் "மீன், மீன்" என்று கூவுவேன். சிங்கள வீட்டு வாசலில் "மாளு, மாளு" என்று கூவுவேன். இரண்டும் ஒரே மீன்தான்.

பெட்டியும் ஐஸும் சேர்ந்த பாரத்தோடு சைக்கிளில் இறக்கம் இறங்கிப் பழகியவனுக்கு, பாரம் இல்லாமல் இறங்குவது பறக்கிற மாதிரி இருக்கும். அந்த ஆசையில்தான் பின்பக்கத்தைப் பார்த்தேன். மாடுகள் ஏறி இறங்கி உண்டாக்கிய ஒரு ஒற்றையடிப் பாதை அங்கே இருந்தது. உச்சியில் இருந்து பார்த்தால் துறைமுகமும், மூதூருக்குப் போகிற லோஞ்சுப் படகும், அடியில் கடற்கரை றோட்டும் தெரியும். அந்த றோட்டு வரைக்கும் சைக்கிளால் இறங்கலாம் என்று எனக்குப் பட்டது.

எனக்கு ஒரு சிநேகிதன் இருந்தான். சைக்கிள் திருத்துகிற கடையில் வேலை. அவனிடம் சொன்னேன்.

"விசரே உனக்கு? மாடே அதிலை யோசிச்சு யோசிச்சுத்தான் இறங்குது" என்றான்.

"மாட்டுக்குப் பிறேக் இல்லை. எங்களுக்கு இருக்கு."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து, கோயில் உடுப்போடேயே என்னைத் தேடி வந்தான். சைக்கிளில் பிறேக்குக்கு லொறி ரயரில் வெட்டிய கட்டை பூட்டியிருந்தான்.

இறங்குகிற வித்தையை நாங்களே விழுந்து விழுந்து கண்டுபிடித்தோம். சீற்றில் குந்தி இருக்கக் கூடாது. பெடல் இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்து எழும்பி நின்று, பின்பக்கத்தை சீற்றுக்கும் பின்னாலே கொண்டுபோக வேண்டும். முன் பிறேக்கை விரலால் தடவ மட்டும்தான் வேண்டும். இறுக்கிப் பிடித்தால் சைக்கிள் நிற்கும், நீங்கள் நிற்கமாட்டீர்கள். கல்லைப் பார்க்கக் கூடாது. கல்லைப் பார்த்தால் சைக்கிள் கல்லுக்குத்தான் போகும். இரண்டு கல்லுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியைப் பார்க்க வேண்டும். உங்கள் போனில் வந்த வெள்ளைக்காரரும் அப்படித்தான் நின்றார்கள். நான் கவனித்தேன்.

பாதையின் கீழ்ப்பாதியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பாறை படி மாதிரி இருந்தது. தாவுகல் என்று பெயர் வைத்தோம். அதில் இருந்து சைக்கிளோடு பாய்ந்து, மணலில் விழுந்து, உடனே ஒரு நாவல் மரத்தடியில் இடப்பக்கம் திருப்ப வேண்டும். அந்த இடத்தில் காலை நிலத்தில் ஊன்றினால் தோல்வி. அது எங்கள் சட்டம்.

இன்னும் இரண்டு பழக்கம் வைத்திருந்தோம். ஒன்று, சைக்கிளில் ஆடுகிற சாமான் எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமைகளில் கழற்றி விடுவது. மட்காட், செயின் கவர், பெட்டி, கரியர், பெல் எல்லாம் போய்விடும். செயினுக்கு நல்ல எண்ணெய் விட்டு, ஒரு சத்தமும் இல்லாமல் இறங்கவேண்டும். சத்தம் போட்டால் அது ஓட்டைச் சைக்கிள் என்று சிநேகிதன் சொல்வான். மற்றது, முதலில் இறங்குகிறவன் அடியில் போய் நின்று விசில் அடிப்பது. மாடு ஒன்றும் குறுக்கே இல்லை, வா என்று அதற்குக் கருத்து. விசில் கேட்ட பிறகுதான் மேலே நிற்பவன் வெளிக்கிடுவான்.

நீங்கள் இந்தக் காலத்துப் பிள்ளைகள். உங்களுக்கு இதில் ஒரு பிழையும் தெரியாது. எங்களுக்கும் அப்போது தெரியவில்லை.

ஒரு ஞாயிறு சிநேகிதன் முதலில் இறங்கினான். நான் மேலே நின்றேன். விசில் வரவில்லை. விழுந்துவிட்டான், எழும்பி வந்து அடிப்பான் என்று பார்த்தேன். அப்போது கீழே சிங்களத்தில் யாரோ உறுக்கிக் கத்துகிற சத்தம் கேட்டது.

பாதையின் நடுவில் ஒரு தட்டைப் பாறை இருந்தது. சைக்கிளை மெதுவாக உருட்டிக்கொண்டு அதுவரை போய் எட்டிப் பார்த்தேன். பாதை போய் றோட்டில் முட்டுகிற இடத்தில் மண்மூட்டை அடுக்கி, தகரப் பீப்பாய் வைத்து, புதிதாக ஒரு சென்றி, ஆமிக் காவல் நிலை, போட்டிருந்தார்கள். போன ஞாயிறு அது இல்லை. என் சிநேகிதன் கையைத் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு முழங்காலில் நின்றான். சைக்கிள் பக்கத்தில் விழுந்து கிடந்தது. ஒரு ஆமிக்காரன் அவனுக்குத் துவக்கை நீட்டிக்கொண்டிருந்தான். மற்ற இரண்டு பேர் பாதையைப் பார்த்து, அதாவது என் பக்கம் பார்த்து, நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

பயம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் தலை நன்றாக வேலை செய்தது. திரும்பி ஏறி முன்றோட்டால் சுற்றிப் போனால், நான் போவதற்கு முன் அவனை ஆமி முகாமுக்கு, அந்தக் காம்புக்கு, ஏற்றிவிடுவார்கள். காம்புக்குள் போன பிள்ளைகளைத் தேடி வாசலில் நின்ற தாய்மாரை நான் ஒவ்வொரு நாளும் மீன் பெட்டியோடு கடந்து போகிறவன். சரி, இப்படியே நடந்து இறங்கினால்? பற்றைக்குள்ளால் ஒரு இளந்தாரி பதுங்கி வருகிறான் என்று சுடுவார்கள். சைக்கிளில் சத்தமில்லாமல் இறங்கினாலும் அதே கதைதான்.

அப்போதுதான் யோசித்தேன். நான் தினமும் எத்தனையோ சென்றி கடக்கிறேன். ஒருவனும் என்னைப் பார்த்துத் துவக்கைத் தூக்கியதில்லை. ஏன்? நான் வருவது தூரத்திலேயே அவர்களுக்குக் கேட்கும்.

சைக்கிளில் ஏறினேன். தொண்டையைத் திறந்து கூவத் தொடங்கினேன்.

"மாளு... மாளு... பாரை மாளு..."

கல்லில் சைக்கிள் குலுங்கிக் குலுங்கிப் போகிறபோது குரல் துண்டு துண்டாக வந்தது. ஆனாலும் விடவில்லை. தாவுகல்லால் பாய்ந்தபோதும் "மாளு" என்றுதான் பாய்ந்தேன். நாவல் மரத்தைத் திரும்பி, பீப்பாய்க்கு நல்ல தூரத்திலேயே பிறேக்கைப் பிடித்து, இறங்கி, சென்றிக்கு முன்னால் எல்லாரும் செய்கிற மாதிரி சைக்கிளைக் கையால் உருட்டிக்கொண்டு போனேன்.

துவக்குகள் என் நெஞ்சுக்கு நேரேதான் இருந்தன. ஆனால் வெடிக்கவில்லை. மண்மூட்டைக்குப் பின்னால் இருந்து ஒரு அதிகாரி எழும்பி வந்தார். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். பிறகு சைக்கிளின் பின்பக்கத்தைப் பார்த்தார். பெட்டியும் இல்லை, கரியரும் இல்லை.

"மீன் எங்க?" என்று உடைந்த தமிழில் கேட்டார்.

"மீன் இல்லை சேர்."

"மீன் இல்லாம ஏன் கத்துறது?"

"சத்தமில்லாம வந்தா நீங்க சுட்டுடுவீங்க சேர்."

அவர் மலையைக் காட்டினார்.

"மேல என்ன இருக்கு?"

"ஒண்டுமில்லை சேர்."

"அப்ப ஏன் போறது?"

"கீழ வாறதுக்கு."

"உண்மை சேர்" என்றான் முழங்காலில் நின்ற என் சிநேகிதன். "நானும் அதைத்தான் சொன்னனான். நம்பினாத்தானே."

"நீ கதைக்க வேணாம்" என்று துவக்குக்காரன் உறுக்கினான்.

அதிகாரி விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். ஒவ்வொரு ஞாயிறும் இந்தப் பற்றைக்குள்ளால் ஒரு ஆள் சத்தமில்லாமல் வெளியே வருகிறான். பிறகு விசில் கேட்கிறது. பிறகு இன்னொருவன் வருகிறான். றோட்டில் போகிறவர்கள் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அதற்காகத்தான் இந்தச் சென்றியே போட்டது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. மாட்டுக்காக அடித்த விசிலும், கெட்டித்தனம் என்று நினைத்து எண்ணெய் விட்ட செயினும் சேர்ந்துதான் இந்த மண்மூட்டையை இங்கே கொண்டுவந்து அடுக்கியிருக்கின்றன.

"சேர், அது விளையாட்டு" என்றேன்.

"விளையாட்டா? இந்தக் கல்லுல சைக்கிள் வராது. நீங்க தள்ளிட்டு வந்து இங்கதான் ஏறுறது."

"வரும் சேர்."

"நான் பாக்கல்லை."

அவர் நின்ற இடத்தில் இருந்து கடைசித் திருப்பம் மட்டும்தான் தெரிந்திருக்கும். பாதைக்குள் நடந்து போய், தாவுகல்லுக்குக் கீழே ஒரு ஓரமாக நின்றுகொண்டார். சிநேகிதனையும் அங்கே கூட்டிவந்து நிலத்தில் இருத்தினார்கள்.

"நீ மேல போ. திரும்பி வா. சைக்கிள்ள வா. நீ வரல்லை, இல்லாட்டி இறங்கித் தள்ளுறது, அப்ப இவன் காம்ப்."

சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏறினேன். இப்போது நீங்கள் கேட்பீர்கள், அப்பா, கை நடுங்கவில்லையா என்று. இல்லை. நடுக்கம் எல்லாம் முதல் தரம் இறங்கியபோதே போய்விட்டது. எனக்கு அந்தப் பாதையில் ஒவ்வொரு வேரும் தெரியும். சுடுவார்களா மாட்டார்களா என்பது என் கையில் இல்லாத விஷயம். சைக்கிள் விடுவது என் கையில் இருக்கிற விஷயம். கையில் இருக்கிறதைச் செய்யச் சொன்னால் மனிதனுக்குப் பாதிப் பயம் போய்விடும்.

மேலே போய் சேட்டால் முகத்தைத் துடைத்தேன். பிறேக் கட்டையை விரலால் ஒருதரம் பார்த்தேன். திரும்பவும் கூவிக்கொண்டு வெளிக்கிட்டேன்.

அவ்வளவு நன்றாக நான் ஒருநாளும் இறங்கியதில்லை. வேர் வந்தது, சைக்கிள் தானாகத் தாண்டியது. மணல் வந்தது, பின்சில்லு கொஞ்சம் வழுக்கி நேராகியது. தாவுகல் வந்தபோது, கீழே நிற்பவர்களையோ துவக்கையோ நான் பார்க்கவில்லை. நாவல் மரத்துக்குப் பக்கத்தில் இருந்த இடைவெளியை மட்டும் பார்த்தேன். பாய்ந்தேன். "மாளு" என்ற சொல் பாதியில் நின்று, மணலில் விழுந்தபோது மிச்சப் பாதி வந்தது. இடப்பக்கம் திருப்பி, பீப்பாய்க்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

முதலில் சிரித்தது துவக்குக்காரன்தான். பிறகு மற்ற இரண்டு பேரும். ஒருவன் என்னைப் போலவே "மாளு" என்று துண்டு துண்டாகக் கூவிக் காட்டினான். அதிகாரி சிரிக்கவில்லை.

"பிஸ்ஸு" என்றார். பைத்தியம் என்பதற்குச் சிங்களம்.

"ஓம் சேர்" என்றேன்.

"விசில் வேணாம். ரெண்டு பேரும் பெல் போடுறது. மேல இருந்து கீழ வரைக்கும் பெல் அடிக்கிறது. பெல் கேக்கல்லை எண்டா நான் பொறுப்பு இல்லை."

அடையாள அட்டைகளைத் திருப்பித் தந்தார். சிநேகிதனை எழும்பச் சொன்னார். அவனுக்கு முழங்கால் விறைத்துப்போய் உடனே எழும்ப ஏலவில்லை. நான் கையைக் கொடுத்துத் தூக்கினேன். அவனுடைய சைக்கிளை நிமிர்த்திக் கொடுத்தேன். இரண்டு பேரும் உருட்டிக்கொண்டே சென்றியைக் கடந்தோம். கடந்த பிறகும் அவன் ஏறவில்லை. நானும் பக்கத்தில் உருட்டிக்கொண்டு நடந்தேன். சந்தை தெரிகிற இடத்துக்கு வந்தபோதுதான் வாயைத் திறந்தான்.

"நீ காலை ஊண்டினனி."

"என்ன?"

"நாவல் மரத்தடியிலை. இடக்காலை ஊண்டினனி. நான் நிலத்திலை இருந்தனான், எனக்கு வடிவாத் தெரிஞ்சது."

"ஊண்டேல்லை மச்சான்."

"ஊண்டினனி. அந்த ஆளுக்குச் சட்டம் தெரியாது, அதாலை தப்பிட்டம். தோல்வி தோல்விதான்."

நான் ஊன்றவில்லை, பிள்ளைகள். இன்றைக்கும் சொல்கிறேன், என் கால் நிலத்தில் படவே இல்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தேன். காலையில் மலை உச்சியில் நின்றவனுடைய முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"சரி, ஊண்டினனான்" என்றேன்.

"அப்பிடிச் சொல்லு" என்று சொல்லிவிட்டு அவன் சைக்கிளில் ஏறி, எனக்கு முன்னால் விட்டான்.