வெளியே தாழ்ப்பாள் போட்ட தூக்கம்

சேலத்தில் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்தபோது எனக்குப் பெரிய படிப்பு கிடையாது. பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டில் என்னைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்த மிஷன் ஆஸ்பத்திரியில் அப்போது அதைப் பெரிதாகக் கேட்கவில்லை.

ராத்திரி வேலை பார்த்துவிட்டு வருகிற பெண்களுக்குச் சமையற்கட்டை ஒட்டி ஓர் அறை. தகரக் கூரை. வார்டில் கழித்துப் போட்ட இரும்புக் கட்டில்கள். மூட்டைப்பூச்சி ஏறாமலிருக்கக் கட்டில் கால்களை மண்ணெண்ணெய் ஊற்றிய டப்பாக்களுக்குள் வைத்திருப்போம். ஆனாலும் பூச்சி கூரையிலிருந்து விழும். சன்னலில் ஈரச் சேலையைத் தொங்கவிட்டு இருட்டாக்கிக்கொள்வோம். அது காய்வதற்குள் தூங்கிவிட வேண்டும். எனக்குத் தூக்கம் வராது. வார்டில் யாரையோ பார்க்காமல் வந்துவிட்டேனோ என்றே மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

அப்படி ஒரு மத்தியானம் கண் விழித்தபோது நான் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டில் வாழப்பாடி அக்காவின் மணிக்கட்டு என் விரல்களுக்குள் இருந்தது. அவள் எனக்கு ஒரு வருஷம் முந்திச் சேர்ந்தவள். கண்ணை அகல விரித்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கத்திலேயே எழுந்து போய் நாடி எண்ணியிருக்கிறேன்.

"எவ்ளோ இருக்குது? பொழைப்பனா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

மற்றவர்கள் சிரிக்கவில்லை. எங்கள் ஊர்களில் படுத்துக் கிடப்பவர் கையைப் பிடித்துப் பார்ப்பது உயிர் இருக்கிறதா, போய்விட்டதா என்று தெரிந்துகொள்ளத்தான். சும்மா தூங்குகிறவளின் நாடியைத் தொடலாமா? அதற்குப் பிறகும் எழுந்து போனேனாம். ஒவ்வொரு முறையும் அவளிடமே போனேனாம். என் காலைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டச் சொன்னேன். தூக்கத்திலேயே முடிச்சை அவிழ்த்துக்கொண்டேன்.

பிறகு அவளுக்கு டைபாய்டு வந்தது. அது தண்ணீரால் வருகிற காய்ச்சல் என்று பாடம் கேட்டவர்கள்தான் நாங்கள் எல்லோரும். ஆனாலும் என்னோடு ஒரே அறையில் படுக்கமாட்டோம் என்று மற்றவர்கள் ஆஸ்பத்திரியை நடத்திய வெள்ளைக்காரத் துரைசானியம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டார்கள். தூங்கத் தெரியாதவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அந்த அம்மாவும் யோசித்தார்கள். ஊருக்கு அனுப்பிவிட்டால், ஓமலூரில் பெண்சாதியை இழந்த மாமனுக்கு என்னைக் கட்டிவைக்க வீட்டில் காத்திருந்தார்கள். அவருக்கு என் அப்பா வயசு.

"என்னையத் தனியாப் போட்டு வெளிய தாப்பாப் போட்டுருங்கம்மா. ஊட்டுக்கு மட்டும் அனுப்பிராதீங்க" என்றேன்.

துணிக் கிடங்கில் கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். சுற்றிலும் வெள்ளைத் துணி, கூரை வரைக்கும். அங்கே எழுந்து போய்ப் பார்க்க ஆளில்லை. கண் விழிக்கும்போதெல்லாம் என் வலது கை இடது மணிக்கட்டைப் பிடித்திருக்கும். எது வரைக்கும் எண்ணினேன் என்பது மட்டும் ஞாபகம் வராது.

அக்கா பிழைத்துக்கொண்டாள். முடியெல்லாம் கொட்டிப்போய், முக்காடு போட்டுக்கொண்டு வந்தாள். சாயங்காலம் எனக்குக் கதவைத் திறந்துவிடுகிற வேலையை அவளாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள். ஆனால் வந்தவுடன் திறக்கமாட்டாள். வெளியே நின்று, "முழிச்சிட்டியா, நெஜமா?" என்று கேட்பாள்.

"முழிச்சிட்டனுங்க்கா."

கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிடும். தூக்கத்தில் நடக்கிறவள் தூக்கத்தில் பதில் சொல்லமாட்டாளா? அவள் தாழ்ப்பாளில் கை வைக்கிறவரை, தரையில் காலை அழுத்தித் தேய்த்துப் பார்த்துக்கொண்டே நிற்பேன்.