கூடுதல் கார்டு யாருக்கு?

அந்தக் கண்ணாடிக் கடையில் அவளுக்கு இருந்த பெயர் கண்ணாடி அக்கா. முதலாளி முதல் பக்கத்துக் கடைக்காரர் வரை எல்லோருக்கும் அக்காதான். தலை பாதி நரைத்துவிட்ட பிறகும் அந்தப் பெயர் நரைக்கவில்லை.

கடைக்கு வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. கணவனையோ மகளையோ தோழியையோ கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் ஒரு வகை. அவர்களுக்கு அவள் தேவையில்லை. தனியாக வருகிறவர்கள் இன்னொரு வகை. புது ஃபிரேமை மாட்டிக்கொண்டு, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் விழிப்பார்களே, அவர்களுடைய தோளுக்குப் பக்கத்தில் போய் நின்று, அதே ஆடியைப் பார்த்து, "இது உங்க முகத்துக்கு எடுப்பா இருக்கு" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவளைத் தேடி வந்தவர்கள் எத்தனையோ பேர்.

ஆனால் அவளுக்கென்று ஒரு கண்ணாடி கிடையாது! பொடி எழுத்து படிக்க வேண்டுமென்றால் தட்டிலிருக்கும் சோதனைக் கண்ணாடிகளில் ஒன்றை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வாள். வேலை முடிந்ததும் தட்டிலேயே போட்டுவிடுவாள். தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாத பிறவி.

அம்மா கண் மூடியபோது தம்பி பள்ளிக்கூடத்துப் பையன். அவனை ஆளாக்கிவிட்டுக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்றிருந்தாள். அவன் ஆளாகிவிட்டான். வெளிநாட்டில் வேலை, மனைவி, மகள் என்று வாழ்கிறான். இவள் கல்யாணம் மட்டும் அப்படியே நின்றுபோயிற்று.

இப்போது அவனே கூப்பிட்டிருக்கிறான். "ஒரு தடவை வந்துட்டுப் போயேன்க்கா. டிக்கெட் நான் அனுப்பறேன். ஒரு கிரெடிட் கார்டு மட்டும் வாங்கி வெச்சுக்கோ."

தம்பி வீட்டில் இருக்கப்போகிறவளுக்குக் கார்டு எதற்கு? அவள் கேட்கவில்லை. 'வா' என்ற சொல்லுக்குப் பிறகு அவள் காதில் எதுவும் ஏறவில்லை.

வங்கியில் இருந்த இளைஞன் மூன்று வண்ணத் தாள்களைப் பரப்பினான். அவனுடைய கண்ணாடி மூக்கு நுனிக்கு நழுவி நழுவி வந்தது.

"இது சாதாரணக் கார்டு மேடம். பெருசா சலுகை ஒண்ணும் இல்ல. இது வெச்சிருந்தா விமான நிலைய லவுஞ்ச்ல உட்கார்ந்து சாப்பிடலாம், ரெண்டு பேருக்கு இலவசம். இந்த மூணாவதுல குடும்பத்துல ஒருத்தருக்குக் கூடுதல் கார்டு சும்மாவே தருவோம்."

கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி ஏதோ அச்சிட்டிருந்தது. சோதனைக் கண்ணாடி கடைத் தட்டில் கிடந்தது. அவள் படிக்கவில்லை.

"மூணாவதே குடுங்க. கூடுதல் கார்டு என் தம்பிக்கு."

"அவர் அங்க நல்லா சம்பாதிக்கிறார்னு சொன்னீங்களே?"

"சம்பாதிச்சா என்ன? அவசரத்துக்கு அக்கா கார்டு ஒண்ணு கையில இருக்கட்டுமே!"

இளைஞன் சிரித்துவிட்டான். "அப்ப அவரோட பாஸ்போர்ட் நகல் வாங்கிட்டு வாங்க."

நகல் கேட்கத்தான் அன்று மாலை தம்பியை அழைத்தாள். அழைக்காமலே இருந்திருக்கலாம்!

"எனக்கு எதுக்குக்கா கார்டு? அது உனக்கு. ஹோட்டல்ல அறை எடுக்கும்போது டெபாசிட்டுக்குக் கேப்பாங்க."

"ஹோட்டலா? எந்த ஹோட்டல்?"

மறுமுனையில் தொண்டையைச் செருமும் சத்தம். "இங்க வீடெல்லாம் சின்னதுக்கா. பொண்ணுக்குப் பரீட்சை வேற. என் பொண்டாட்டியும் கொஞ்சம்... உனக்கே தெரியும். பக்கத்துத் தெருதான், நடந்தே வந்துடலாம். ஒரு ஆள்னு போட்டு புக் பண்ணிடட்டுமா?"

ஒரு ஆள்! அவனோடு ஒரே பாயில் படுத்து, அவனுக்குக் காய்ச்சல் என்றால் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டவளுக்கு இப்போது ஒரு ஆள் என்று கணக்கு.

"போடுப்பா."

"கோவமாக்கா?"

"எனக்கா? போடா, அடுப்புல பால் பொங்குது" என்று வைத்துவிட்டாள். அடுப்பில் ஒன்றுமில்லை. பொங்கியது வேறு.

போகாமல் இருந்துவிடலாமா என்று மறுநாள் முழுக்க யோசித்தாள். மாலையில், பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் பெரியவரிடம் போய் நின்றாள்.

"அண்ணே, என் கண்ணைக் கொஞ்சம் பாருங்களேன்."

"அட! கடைக்குப் புது வாடிக்கையாளரா? தள்ளுபடி கேட்டா அடிப்பேன், ஆமாம்" என்றார் அவர். பிறகு அவள் கண்களைப் பார்த்தார். அழுது சிவந்திருந்ததைப் பார்த்துவிட்டு, கண் சோதிக்கும் எழுத்து அட்டையைத் தூக்கிப் பிடித்தார்.

சொந்தக் கண்ணாடியோடு மறுபடி வங்கிக்குப் போனாள். எறும்பு வரிசையை ஒரு வரி விடாமல் படித்தாள்.

"தம்பி, கூடுதல் கார்டு தர்ற இதுல, வெளிநாட்டுல செலவு பண்ணா நூத்துக்கு மூணரை ரூபா கூடுதலா எடுக்கறீங்க. சாதாரணக் கார்டுல ஒண்ணுதானே?"

"அது... ஆமாம் மேடம். யாரும் அதைப் படிக்கிறதில்ல."

"எனக்கு அந்தச் சாதாரணக் கார்டு போதும்."

"லவுஞ்ச் கார்டாவது எடுங்களேன். ரெண்டு பேர் போகலாம்."

"ரெண்டாவது ஆளுக்கு நான் எங்கப்பா போவேன்? நீ வர்றியா?"

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

"சாதாரணத்துலயும் காசு கட்டினா கூடுதல் கார்டு உண்டு. உங்க தம்பிக்கு?"

அவள் பேனா சற்றே நின்றது. "வேண்டாம். அவனுக்கு வீடு இருக்கு. எனக்குத்தான் அறை எடுக்கணும்." கையெழுத்துப் போட்டாள். "உன் கண்ணாடியைக் குடு இப்படி." அவன் கழற்றிக் கொடுக்க, அதன் காலை விரலால் மெல்ல வளைத்துத் திருப்பித் தந்தாள். அது அவன் மூக்கில் நழுவாமல் உட்கார்ந்தது.

கார்டு கடை முகவரிக்கே வந்தது. கடையில் யாருமில்லாத நேரம் பார்த்து, புதுக் கண்ணாடியை மாட்டி, கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஆடி முன்னால் நின்றாள். பழக்க தோஷம், ஓரமாகத்தான் நின்றிருந்தாள். ஆடியின் நடுவில் யாருக்கோ இடம் விட்டது போல வெறுமை.

பக்கத்தில் நின்று, எடுப்பாக இருக்கிறது என்று சொல்ல ஒரு ஜீவன் இல்லை.

கண்ணாடி ஈரத்தில் மங்கியது. கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். ஓர் அடி நகர்ந்து, நடுவில் வந்து நின்றாள்.

தம்பியின் மகளை எப்படியாவது பார்த்துவிட வேண்டும். பக்கத்துத் தெருவிலிருந்து நடந்து போயாவது.