நான் பார்க்காத இரண்டாம் பாதி

அந்தப் படத்தின் இரண்டாம் பாதியை நான் பார்க்கவே இல்லை.

பார்க்காமலேயே ‘இழுவை’ என்று சொன்னேன். அதோடு விட்டேனா? எந்த இடம் இழுவை என்றும் கைகாட்டினேன். அந்த இடத்தை வெட்டியெறியவும் வைத்தேன். என் உயிர்த்தோழி எடுத்த படம் அது. வெட்டுப்பட்டவர் அவளைப் பெற்ற தகப்பன்!

ஆயிற்று, சொல்லிவிட்டேன். இனி நீங்கள் காறித் துப்பினாலும் சரி... மீதியையும் கேட்டுவிட்டுத் துப்புங்கள்.

என் பெயர் கலா. சாங்கி விமான நிலையத்தில், சரக்குப் பிரிவு அலுவலகத்தில் வேலை. ஆனால் எனக்குத் தெரிந்த சனத்துக்கெல்லாம் நான் வேறு ஓர் ஆள். “படம் பாக்கலாமா வேணாமா? கலாவைக் கேளு லா.” இதுதான் என் பட்டம், பதவி எல்லாம்.

புதுப்படம் வந்தால் முதல் காட்சியில் நான் இருப்பேன். வெளியே வந்து மின்படிக்கட்டில் இறங்கும்போதே எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு குரல்பதிவு. அங்கிருந்து அது எந்தெந்தக் குழுவுக்கெல்லாமோ போகும். சில பெரிய படங்கள் இங்கே முந்தைய நாள் மாலையே வந்துவிடும், ஊரில் மறுநாள்தான். சென்னையில் இருக்கும் என் சித்தி மகன், “அக்கா, சிங்கப்பூர் ரிப்போர்ட் என்ன?” என்று கேட்பான். அப்போது எனக்கு ஏறும் பாருங்கள் ஒரு மிதப்பு! படம் எடுத்தவனுக்குக்கூட அவ்வளவு இருக்காது.

என்ன பெரிதாகச் சொல்லிவிடுவேன்? நீங்களும் சொல்லியிருப்பீர்கள், மறுக்காதீர்கள். ‘ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே, செகண்ட் ஹாஃப் இழுவை.’ தமிழ்ப்படம் பார்க்கிற நம் சனத்துக்கு இது பிறவிப் பாடம். பத்துப் படத்துக்குச் சொன்னால் ஒன்பதுக்குப் பொருந்தும். தைலம் மாதிரி, எங்கே தடவினாலும் தப்பில்லை.

பத்தாவது படம்தான் தேன்மொழியுடையது.

தேனுவும் நானும் உயர்நிலைப் பள்ளியில் ஒரே வகுப்பு. இப்போது அவள் பாலர் பள்ளி ஆசிரியை. சனி ஞாயிறுகளில் நண்பர்களைக் கூட்டி, கெஞ்சிக் கூத்தாடி, வருடக்கணக்கில் ஒரு படம் எடுத்தாள். தேக்கா சந்தையில் எடுத்தாள், அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே, வாய்ட் டெக் என்கிற திறந்த தரைத்தளத்தில் எடுத்தாள், என் வீட்டுச் சமையலறையில்கூட ஒரு காட்சி எடுத்தாள். அத்தனை பேருக்கும் நான்தான் அன்று தேநீர் போட்டேன்.

கதையில் ஒரு முதியவர் வருகிறார். நடிக்க ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் தன் அப்பாவையே நிறுத்திவிட்டாள். சோமு அங்கிள்... பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். ஆன்ட்டி, தேனுவின் அம்மா, இறந்தபிறகு வீட்டைவிட்டு அதிகம் வெளியே வராதவர். புகைப்படத்துக்கே நெளிகிற மனிதர், மகளுக்காகக் கேமரா முன்னால் நின்றார். அவர் வருவது ஒரே ஓர் இடத்தில். இரண்டாம் பாதியில்.

படம் வெளியான மாலை, லிட்டில் இந்தியாவிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு கடைத்தொகுதியின் திரையரங்கு. சின்ன அரங்கில் தேனு படம். அதே மாடியில், எதிரே பெரிய அரங்கில், ஒரு பெரிய நட்சத்திரத்தின் படம்! தேனு படத்தை முழுக்கப் பார்த்துவிட்டு, அடுத்த காட்சிக்கு அதைப் பார்ப்பதாகத்தான் இருந்தேன். சத்தியமாக.

கடைசி வரிசையில், ஓரத்து இருக்கையில் சோமு அங்கிள். அவருக்கு உள்பக்கம் நான். புதுச்சட்டை போட்டிருந்தார், மடிப்புக்கூடக் கலையவில்லை. தேனு முன்வரிசையில் நடிகர்களோடு இருந்தாள்.

படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கைப்பேசி அதிர்ந்தது. பார்த்திருக்கக் கூடாது. பார்த்தேன். குழுவில் ஒரு செய்தி: ‘புவனா பெரிய படத்துக்கு சீட் போட்டுட்டா. இன்னிக்கு ஃபர்ஸ்ட் ரிப்போர்ட் அவளோடதுதான். கலா எங்க?’

புவனா என் அலுவலகத்துக்காரி. அவளும் விமர்சனம் சொல்ல ஆரம்பித்திருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கலா எங்கேயா? கலா இல்லாமல் ரிப்போர்ட்டா?

அதன்பிறகு திரையில் என்ன ஓடியது என்று கேட்காதீர்கள். எதிர் அரங்கில் விளம்பரம் முடிந்திருக்குமா, படம் போட்டிருப்பானா... மனம் அங்கேயே கிடந்தது.

நான் போகும் அரங்குகளில் இடைவேளைக்கு விளக்குப் போடுவதில்லை. ‘இடைவேளை’ என்று எழுத்து வரும், மறையும், படம் தொடரும். அந்த எழுத்து வந்ததும் எழுந்தேன். அங்கிளின் முழங்கால்களைத் தாண்டித்தான் போகவேண்டும்.

“எங்கம்மா? இனிமேதான் நான் வர்றேன்...” என்றார். சொல்வதற்கே அவ்வளவு வெட்கம்.

“டாய்லெட், அங்கிள். இதோ வந்துடறேன்.”

“போயிட்டு வாம்மா. சீட்டை நான் பாத்துக்கறேன்.” சட்டைப்பையிலிருந்து ஒரு டிஷ்யூ பொட்டலத்தை எடுத்து என் இருக்கையில் வைத்தார், உணவங்காடியில் மேசை பிடிக்கிற மாதிரி. இருக்கைக்குப் போட்டி போட அங்கே கூட்டமே இல்லை. இருந்தாலும் வைத்தார்.

நான் கைப்பேசியிலேயே டிக்கெட் எடுத்துக்கொண்டு, நேரே எதிர் அரங்குக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பி வரவில்லை. நட்சத்திரப் படம் முடிந்ததும் புவனாவுக்கு முன்னால் குரல்பதிவு போட்டேன். வென்றுவிட்டேன்! ரயிலில் போகும்போது யாரோ கேட்டார்கள், ‘தேனு படம் எப்படி கலா?’

நீங்களே சொல்லுங்கள். ‘சூப்பர்’ என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் என் நாக்கு அழுகியா போயிருக்கும்? யோசித்தேன். ஆனால் தோழி படத்தை சூப்பர் என்றால் யார் நம்புவார்கள்? இவளும் ஜால்ராதான் என்பார்கள். என் பெயர் என்ன ஆவது! பொத்தானை அமுக்கினேன்: “ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே லா. செகண்ட் ஹாஃப்தான் கொஞ்சம் இழுவை. ஓடிடில வந்தா பாத்துக்கலாம்.”

‘ஃப்ரெண்ட் படம்னாலும் கலா ஒளிக்கமாட்டா பாரு!’ என்று கைதட்டல் பொம்மைகள் வந்து விழுந்தன. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்... இனித்தது.

அந்தப் பதிவு ஊரெல்லாம் சுற்றியது. வாரக்கடைசியில் போகலாம் என்றிருந்தவர்கள் போகவில்லை. இருக்கைகள் காலியாகக் கிடந்தன. மறுவாரம் படம் இல்லை.

என்னால் மட்டும்தானா? சின்னப் படம், எப்படியும் அப்படித்தான் ஆகியிருக்கும் என்று நானே எனக்கு வக்கீலாகிப் பார்த்தேன். இருக்கலாம். ஆனால் அடுத்து நடந்ததற்கு எந்த வக்கீலும் வரமாட்டான்.

தேனு என்னைத் தேக்கா உணவங்காடிக்கு வரச்சொன்னாள். அங்கிள் எல்லாம் சொல்லியிருப்பார், மானம் போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டே போனேன். கோப்பியைத் தள்ளி வைத்துவிட்டு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எல்லாரும் சூப்பர் சூப்பர்னு சொல்லி என்னை ஏமாத்திட்டாங்கடி. நீ ஒருத்திதான் உண்மையைச் சொன்ன.”

அங்கிள் சொல்லவில்லை!

அப்பாடா என்றிருந்தது எனக்கு. பார்த்துக்கொள்ளுங்கள் என் லட்சணத்தை.

வெளிநாட்டில் ஒரு திரைப்பட விழாவுக்குப் படத்தைக் கேட்கிறார்களாம், ஆனால் நீளத்தைக் குறைக்க வேண்டுமாம். “எங்கடி இழுக்குது? நீ சொல்லு, வெட்டிடறேன். உன்னைத்தான் நான் நம்புவேன்.”

சுற்றிலும் தட்டுச் சத்தம், பரோட்டாக் கல்லில் கொத்துகிற சத்தம். என் காதில் எதுவும் விழவில்லை. தேனு கண்ணெடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘தேனு, நான் பாதியில எந்திரிச்சுப் போயிட்டேன்டி.’ இவ்வளவுதான் சொல்லவேண்டியது. இன்னொரு கையால் கோப்பியை எடுத்து, அதையும் சேர்த்து விழுங்கினேன்.

பார்க்காத பாதியில் எந்த இடத்தைச் சொல்வேன்? அந்தப் பாதியைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு விஷயம். அவரே சொன்னாரே, ‘இனிமேதான் நான் வர்றேன்’ என்று...

“அப்பா வர்ற இடம்,” என்றேன். “கொஞ்சம் நீளம்டி.”

அவள் கை என் கைமேல் அப்படியே இருந்தது. பிறகு, “எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்துச்சு. அப்பாங்கறதால வெட்ட மனசு வரல. நீ சொல்லிட்டல்ல...” என்றாள்.

அடுத்த வாரம் அலுவலகத்தில் மதிய உணவின்போது புவனா சொன்னாள். படம் ஓடிய அந்த வாரத்திலேயே அவள் போய்த் தேனு படத்தைப் பார்த்திருக்கிறாள், முழுக்க.

“உன்கிட்ட சொல்லவே பயமா இருக்கு கலா. நீ இழுவைன்னுட்ட. ஆனா அந்தத் தாத்தா புடவை மடிக்கிற சீன்ல நான் அழுதுட்டேன்பா.”

“எந்த சீன்?” என்று கேட்கவந்தவள் வாயைச் சோற்றால் அடைத்துக்கொண்டேன். அவளே சொன்னாள். மனைவி இறந்துபோகிறாள். அவளுடைய புடவையை அவரே துவைத்து, மூங்கில் கழியில் போட்டு ஜன்னலுக்கு வெளியே காயவைக்கிறார். காய்ந்ததும் மடிக்க வேண்டும். மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. முந்தானையை வாசல் கிரில் கம்பியில் கட்டிவிட்டு, இந்த முனையிலிருந்து மடித்துக்கொண்டே போகிறார்... கம்பிவரைக்கும். வசனமே இல்லையாம்.

“ஆனா நீ சொன்னதும் சரிதான். கொஞ்சம் மெதுவாத்தான் போகுது,” என்றாள் புவனா அவசரமாக. என்னை எதிர்த்துச் சொல்ல அவளுக்கும் துணிவில்லை! அந்த அளவுக்கு வளர்ந்திருந்தேன் நான்.

கழிவறைக்குள் போய்த் தாளிட்டுக்கொண்டு தேனுவை அழைத்தேன். “தேனு, அந்த சீன் இருக்கட்டும்னு...” என்று முடிக்குமுன் அவள் முந்திக்கொண்டாள்.

“வெட்டிட்டேன்டி. அனுப்பியும் ஆச்சு. நீ கவலைப்படாத, அப்பாகிட்டயும் சொல்லிட்டேன். கலா பாத்துட்டு நீளம்னு சொன்னாப்பான்னேன்.”

“அங்கிள் என்ன சொன்னாரு?”

“‘கலா சொன்னா சரியா இருக்கும்’னாரு.”

யோசித்துப் பாருங்கள். நான் பார்க்கவில்லை என்று உலகத்தில் அறிந்த ஒரே மனிதர் அவர். காவல் வைத்த டிஷ்யூ பொட்டலத்தைப் படம் முடிந்ததும் அவர்தானே எடுத்திருப்பார்? ஒரு வார்த்தை சொன்னால் நான் நாறியிருப்பேன். அவர் காட்சியும் பிழைத்திருக்கும். ஏன் சொல்லவில்லை? மகளுக்கு இருக்கிற ஒரு தோழியும் போய்விடக்கூடாது என்றா? தனக்காகத் தானே பேசக் கூச்சமா? இல்லை, சொல்வதற்குக்கூட நான் தகுதியில்லாதவள் என்றா? இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் முடியாது.

விழாவுக்குப் போய்வந்த படத்தைப் போன மாதம் எங்கள் பேட்டைச் சமூக மன்றத்தில் போட்டார்கள். வயிற்றுவலி என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். தேனு விடவில்லை. “நீ இல்லாம எப்படிடி?”

மடக்கு நாற்காலிகள். நல்ல கூட்டம். கடைசி வரிசையில், ஓரத்தில் சோமு அங்கிள் இருந்தார். அதே சட்டை. பக்கத்து நாற்காலியில் ஒரு டிஷ்யூ பொட்டலம்.

“உனக்குத்தாம்மா பிடிச்சு வச்சேன்,” என்று அதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

உட்கார்ந்தேன். விளக்கு அணைந்தது. என் பக்கம் சாய்ந்து, குரலில் ஒரு கோபமும் இல்லாமல் சொன்னார்: “இந்தத் தடவை முழுசா இருந்து பாரும்மா. இப்ப படத்துல நான் வர்ற இடம் இல்ல.”

முழுசாகப் பார்த்தேன். கண் திரையில் இருந்தது, காது அவர் மூச்சில் இருந்தது. ஓர் இடத்தில் வாசல் கிரில் கம்பி மட்டும் வந்தது. அதில் ஒரு முந்தானை முடிச்சு. ஏன் இருக்கிறது என்று யாருக்கும் விளங்காத ஒரு முடிச்சு... கதை அதைத் தாண்டிப் போய்விட்டது. அங்கிள் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து, மறுபடி சாய்ந்தார்.

கைதட்டினார்கள். தேனு கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்களிடம் வந்தாள். கண்ணெல்லாம் பளபளத்தது.

“இப்ப சொல்லுடி. சரியா இருக்கா?”

இதோ, இந்த நொடிதான். அவரும் பக்கத்தில், அவளும் எதிரில். இதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்க்குமா? அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்பத்தான் கச்சிதமா இருக்கு,” என்றேன்.

“நான் சொன்னேன்ல அப்பா!” என்று அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலே அங்கிள் தெரிந்தார். தலையை மெல்ல ஆட்டினார். பிறகு, நான் வெளியே போகவேண்டியிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, முழங்கால்களை ஒடுக்கி எனக்கு வழிவிட்டார்.