உப்பளத்திலிருந்து பாண்டி வரை பேசிய இங்கிலீஷ்

1. வராத வெந்நீர்

குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்கு டோஸ் விழுந்தது. வெந்நீர் கேட்ட கெஸ்ட்டிடம் "ஃபைவ் மினிட்ஸ்" என்று சொல்லிவிட்டேன். ஹீட்டரோ ரிப்பேர். பாவம், துண்டோடு நின்றுகொண்டிருந்தார்.

மேனேஜர் மேடம் கூப்பிட்டார். "ஏம்மா, வராத தண்ணிக்கு எதுக்கு டைம் சொல்றே? இப்ப என்ன பண்றியோ அதை மட்டும் சொல்லு. ஐ ஆம் செக்கிங், ஐ ஆம் பிரிங்கிங். அது போதும்."

அதற்குப் பிரசன்ட் கன்டினியூயஸ் என்று பெயராம். ஸ்கூலில் தலையில் ஏறாததை மேடம் டீ நேரங்களில் பொறுமையாக ஏற்றினார். எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. நான் மரக்காணம் பக்கத்துக் குப்பத்துக்காரி. கடலில் இருக்கிறவரிடம் போனில் "எப்ப வருவே" என்று எங்கள் வீட்டில் கேட்க மாட்டோம். "என்ன பண்ணிக்கிட்டு இருக்கே" என்றுதான் கேட்போம். "வலை இழுத்துக்கிட்டு இருக்கேன்" என்று பதில் வந்தால் மனசு அடங்கிவிடும்.

2. காரில்

டென்மார்க்கிலிருந்து வந்து தங்கியிருந்த பெரியவர் ஒருவர் மரக்காணம் உப்பளம் பார்க்க ஆசைப்பட்டார். துணைக்கு என்னை அனுப்பினார்கள். வரப்பில் நின்று போட்டோ எடுத்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டிரைவர் செல்வமும் நானும் தூக்கிக் காரில் போட்டோம். அவர் தலை என் மடியில்.

அப்போது அவருடைய போன் அடித்தது. ஊரிலிருந்து மகள். தெரிந்த இங்கிலீஷில் விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண் அழுதபடி கேட்டாள்: "வில் ஹி லிவ்?"

பிழைப்பார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஹி ஈஸ் பிரீதிங், மேடம். ஹி ஈஸ் ஹோல்டிங் மை ஹேண்ட். வீ ஆர் கோயிங் ஃபாஸ்ட்."

மூச்சு வாங்க நிறுத்தினேன். செல்வம் திரும்பாமலே, "நிறுத்தாதீங்கக்கா, பேசிக்கிட்டே இருங்க" என்றான். பாண்டி ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பேசினேன். போகப் போக அவள் கேள்வி கேட்பதை விட்டுவிட்டு "யெஸ், யெஸ்" என்று மட்டும் சொன்னாள். ராத்திரி அவள் விமானம் ஏறும் முன் ஒருமுறை கூப்பிட்டாள். "ஹி ஈஸ் ஸ்லீப்பிங்" என்றேன்.

3. மகள் வந்தாள்

பெரியவர் பிழைத்துக்கொண்டார். வார்டு வாசலில் மகள் என்னைக் கட்டிக்கொண்டு ஏதோ வேகமாகச் சொன்னாள். கூட வந்திருந்த மேனேஜர் மேடம்தான் எனக்குத் தமிழில் சொன்னார்.

"எல்லாரும் சரியாயிடும், சரியாயிடும்னாங்களாம். இவளுக்கு நம்பிக்கையே வரலையாம். ஃப்ளைட்ல போன் கிடையாதில்ல? நீ கடைசியா சொன்னதையே வழி முழுக்கச் சொல்லிக்கிட்டு வந்திருக்கா."

மேடத்துக்கும் எங்கள் குப்பத்துக்கும் நான் கடன்பட்டவள். புதிதாக வேலைக்கு வரும் பெண்களே, நாளைக்கு நடப்பது நம் கையில் இல்லை. பயந்து போயிருக்கிறவர்களுக்கு, இப்போது நடப்பதை உள்ளபடி சொல்லுங்கள். அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்துவிடுவார்கள்.