இருபது எழுத்துக்குள் அடங்காத பிள்ளை

மூன்று வருடங்களுக்கு முன், தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கிய கையோடு, யாழ்ப்பாணம் டவுனில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில் தொடங்கியது இது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு முதலில் வருவது ஆத்திரம்தான்.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மாணவர்களுக்கான மருத்துவக் காப்புறுதிப் படிவங்கள் பள்ளிக்கூடங்களிலிருந்து எங்களிடம் வரும். தட்டச்சு செய்து கொழும்புக்கு அனுப்புவோம். அங்கே மெயின்பிரேம் என்கிற பழைய பெரிய கணினி, எல்லாப் பெயர்களையும் ஒரே ஓட்டமாக ஓட்டி அட்டை அடித்துத் தரும். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். தட்டச்சுக்குச் சேர்ந்து, மற்றவர்கள் எழுதியதைப் பார்த்துப் பார்த்து, அந்த ஓட்டத்துக்கு முன் பட்டியலைத் துப்புரவாக்கும் சின்னச் சின்னப் புரோகிராம்கள் எழுதப் பழகினேன். கேஸ் அடுப்பை நிறுத்தினேனா என்று பார்க்க, கோப்பாய் பஸ் தரிப்பிடத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடுகிற ஆள் நான். எழுதியதை நாலு தரமாவது பார்ப்பேன்.

ஒரே பிள்ளையின் பெயர் இரண்டு முறை இருந்தால் ஓட்டம் பாதியில் நின்றுவிடும். அதனால் மனேஜர் ஒரு புரோகிராம் கேட்டார். பெயர், பிறந்த திகதி, பள்ளிக்கூடம் மூன்றும் ஒன்றாயிருந்தால் ஒன்றை நீக்கிவிட வேண்டும். முப்பது வரிதான். முடித்து நாலாந்தரம் பார்க்கும்போதுதான் ஒன்று பிடிபட்டது. கொழும்புக் கணினியில் பெயருக்கு இருபது ஆங்கில எழுத்துக்குத்தான் இடம். எங்கள் பட்டியலும் அதே அளவு. நாங்களோ தகப்பன் பெயரை முதலில் முழுதாக எழுதுகிற ஆட்கள்.

"சேர், இரட்டைப் பிள்ளையள் வந்தா என்ன செய்யிறது? தேப்பன்ரை பேர் நீளமெண்டா பிள்ளையின்ரை பேர் வெட்டுப்பட்டுப் போகும். ரெண்டும் ஒண்டாத்தான் தெரியும்."

அவர் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டீரோ? கம்பஸிலை பட்டம் முடிச்ச எங்களுக்கு வராத சந்தேகம் பத்தாம் வகுப்புக்கு வருது."

"நீக்கிற பேரையெல்லாம் தனியா ஒரு லிஸ்ட் எடுத்து வைப்பமே, சேர்?"

"உந்த லிஸ்டை ஆர் இருந்து வாசிக்கிறது? உமக்கு மழை பேஞ்சாலும் பயம், பெய்யாட்டிலும் பயம். ஓட விடும், பிள்ளை."

ஓட விட்டேன்.

பங்குனியில் ஒரு காலை, புத்தூரிலிருந்து ஒரு தாய் இரண்டு பெண்பிள்ளைகளோடு வந்தார். ஒரே முகம், ஒரே பின்னல், எட்டு வயதிருக்கும். இளையவளுக்கு இடது காதில் சீழ். ஒப்பரேசனுக்கு முந்தின நாள் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனால், காப்புறுதிப் பட்டியலில் அவள் இல்லை. மூத்தவளின் படம் போட்ட அட்டை மட்டும்தான் வந்திருந்தது; மற்றது பின்னால் வரும் என்று தாய் நம்பியிருந்தார். ஒரு அட்டையில் இரண்டு பிள்ளைக்கு வைத்தியம் பார்க்க வந்தீரோ என்று அத்தனை பேருக்கும் முன்னால் கேட்டிருக்கிறார்கள். ஒப்பரேசனுக்குக் குறித்த நாளும் வேறு ஆளுக்குப் போய்விட்டது.

பெயரைத் தட்டிப் பார்த்தேன். தகப்பனின் பெயரே சரியாக இருபது எழுத்து. பிள்ளைகளின் பெயரில் ஒரு எழுத்துக்கூட மிஞ்சவில்லை.

மனேஜர் எழும்பி வந்து, "அது கொம்பியூட்டர் பிழை, அம்மா. எங்கடை கையிலை ஒண்டும் இல்லை" என்றார்.

"கொம்பியூட்டரோ தம்பி இவளைப் பெத்தது? ரெண்டு படிவம் நிரப்பி, ரெண்டு படம் ஒட்டித் தந்தனான். ஒருத்தியைக் காணேல்லை எண்டு வந்து நிக்கிறன், நீங்கள் பிழை எண்டு சொல்லிப்போட்டு நிக்கிறியள்!"

எனக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வந்ததோ தெரியாது. "கொம்பியூட்டர் இல்லை அக்கா, நான் எழுதினது. இப்பிடி வருமெண்டு சேரிட்டைச் சொன்னனான். ஒருக்காச் சொல்லிப்போட்டுப் பேசாமல் இருந்திட்டன்."

மனேஜரின் முகம் கறுத்தது. அந்தத் தாய் எனக்கு நன்றியும் சொல்லவில்லை, என்னை மன்னிக்கவும் இல்லை. "அண்டைக்குக் கதைக்காட்டி இண்டைக்குக் கதையும், பிள்ளை" என்று மேசையிலிருந்த டெலிபோனை என் பக்கம் தள்ளினார்.

கதைத்தேன். அரைகுறை ஆங்கிலத்தில் கொழும்புக்கு, பிறகு ஆஸ்பத்திரிக்கு, மறுபடி கொழும்புக்கு. இடையில் இளையவளின் இடது பக்கம் நின்று, தண்ணி வேணுமோ என்று கேட்டேன். அவள் திரும்பவில்லை. மூத்தவள் தொட்டுச் சொன்ன பிறகுதான் பார்த்தாள். தகப்பன் பெயரைச் சுருக்கி எழுதி, பின்னேரத்துக்குள் அவள் பெயர் பட்டியலில் ஏறியது. ஆனால் ஒப்பரேசனுக்கு வேறு திகதி கிடைத்தது ஆனி மாதத்தில்தான்.

ஒப்பரேசன் நடந்தது. அந்தக் காதில் கேட்கும் சக்தி முழுதாகத் திரும்பவில்லை. பிந்தியதால்தானா என்று தாய் கேட்டதற்கு, அப்படிச் சொல்ல முடியாது என்றாராம் டொக்டர். இல்லை என்றும் சொல்லவில்லையே!

இப்போது நீக்கப்படும் ஒவ்வொரு பெயரும் தனிப் பட்டியலாக வருகிறது. நானே படிவத்தோடு வைத்து வாசிக்கிறேன். கொழும்பிலிருந்து ஆட்கள் வந்தால் மனேஜர் அதைக் காட்டி, "இது எங்கடை முறை" என்று பெருமையடிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த வீட்டுக்கு இன்றுவரை அவர் ஒரு மன்னிப்புச் சொன்னதில்லை. ஆனால் அவரைவிட எனக்குக் கோபம் என்மேல்தான். ஒரு சிரிப்புக்குப் பயந்து வாயை மூடினேனே! ஒரு தரம் சொல்லிவிட்டு இருந்துவிடுவது சொன்னதாகாது என்று, இடது பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்பாத அந்தப் பிள்ளையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.