சாஜிதாவின் களா நோன்பு

கீழ்க்கட்டளைப் பெண்களின் உடம்பெல்லாம் தையற்காரி சாஜிதாவின் இஞ்சு டேப்புக்கு அத்துப்படி. இடுப்பு கூடினால், "எத்தினி மாசம்டி?" என்பாள். எவளாவது வயிற்று வலி என்று முனகினால், விரட்டி டாக்டரிடம் கூட்டிப் போவாள். தன் விஷயத்தில் மட்டும் வாய்க்குப் பூட்டு.

பீரோக் கதவின் உட்புறம் ஓர் அட்டை ஒட்டியிருந்தாள். ரமலானில் மாதவிலக்கான நாட்களில் நோன்பு கிடையாது. விட்டதைப் பிறகு நோற்றுத் தீர்க்க வேண்டும். அதுதான் களா. விட்ட நாளுக்கு ஒரு கோடு போடுவாள், நோற்றதும் அடித்துவிடுவாள். கல்யாணமான வருஷம் ஏழு கோடு. மகள் இஃப்ரா பிறந்த ரமலானில் முப்பதும் கோடுதான். ஐம்பதில் விலக்கு நின்றது. 2005-இல் ஒரு கோடு இல்லாமல் முழு மாசமும் பிடித்தாள். புருஷன் நசீருதீன் தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார்.

அடுத்த ரமலானில் நான்கு நாள் மறுபடி உதிரம் பட்டது. வயசு திரும்புகிறது போல என்று தனக்குள் சிரித்துக்கொண்டாள். சிரிக்கிற விஷயமா அது? வேறொருத்தி சொல்லியிருந்தால் காதைத் திருகி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போயிருப்பாள். நான்கையும் நோற்று அடித்ததோடு விட்டது என்று இருந்துவிட்டாள்.

2007-இல் பதினொரு கோடு. உடம்பு இளைத்து, தன் ஜாக்கெட்டையே இரண்டு தடவை பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. பெருநாள் துணியெல்லாம் தைத்து முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள்.

பெருநாளன்று சேலை எடுக்கப் பீரோவைத் திறந்த இஃப்ரா அட்டையைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாம்மா இது? உனக்குத்தான் எப்பவோ நின்னுடுச்சே!"

"கத்தாதே. அத்தா காதுல வுழப்போவுது."

இஃப்ரா அம்மாவை மறுநாளே தாம்பரத்தில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப் போய், வெளியே பெஞ்சில் காத்திருந்தாள். சாஜிதா அட்டையைப் பெயர்த்துக் கையோடு கொண்டுபோயிருந்தாள்.

"நின்னதுக்கு அப்புறம் எத்தனை நாள் பட்டுச்சும்மா?"

"போன வருஷம் நாலு, இந்த வருஷம் பதினொண்ணு. ஒண்ணு விடாம இதுல கீது, பாருங்க."

டாக்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இது ரமலான் மட்டும்தானே. நடுவுல மத்த மாசமெல்லாம்?"

பட்டதுதான். மாசா மாசம் பட்டது, சில மாசம் இரண்டு தடவைகூட. துணியை அலசிப் போட்டுவிட்டு மிஷினில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"அதுக்கு களா இல்லீங்களே, டாக்டர். எதுக்கு எழுதி வைக்கறது?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"கூட வந்தவங்களை உள்ள வரச் சொல்லுங்க" என்றார்.

சாஜிதா எழுந்து கதவு வரை போய் நின்றாள். அக்கம்பக்கத்துப் பெண்களுக்குத் துணையாக வந்து, அப்படி உள்ளே கூப்பிடப்பட்டவள் இதுவரை அவள்தான். எதற்குக் கூப்பிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.