எழுப்புவது அவள் வேலை

செஞ்சியிலிருந்து அனந்தபுரம் போகும் பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஜெர்மனியிலிருந்து லீவில் வந்தவளாம். ஜன்னலோரம் அவளுடைய நைனா தூங்கிக்கொண்டிருந்தார். பஸ் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம், பேச்சை நிறுத்தாமலே, அவர் தலைக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவே உள்ளங்கையை வைப்பாள்.

“அங்க இன்னா வேலைம்மா?”

“தோரியம்னு ஒரு உலோகம்க்கா. அதோட அணுக்கருவ எழுப்புறோம். மத்த அணுக்கருவெல்லாம் பலமா இடிச்சாத்தான் எழுந்துக்கும். இது லேசர் வெளிச்சத்துக்கே எழுந்துக்குது. ஆனா வெளிச்சத்தோட அலை அளவு துளி மாறினாலும் அசையாது. அந்த அளவ கண்டுபுடிக்கவே எத்தனையோ வருஷம் ஆச்சு.”

“எழுப்பி?”

“அத வெச்சு கடிகாரம் பண்ணப் பாக்குறோம். இப்ப இருக்குற எதையும் விட சரியா ஓடும்.”

கண்டக்டர் அவள் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூவினார். நைனாவின் தோள்வரை கொண்டுபோன கையை அவள் எடுத்துக்கொண்டாள்.

“ஆஸ்பத்திரில ராத்திரியெல்லாம் கண்ணே மூடலண்ணா. தூங்கட்டும். பஸ்ஸு திரும்பி வர்றப்ப எறங்கிக்கிறோம்.”

அனந்தபுரத்தில் அவர்கள் இருவரைத் தவிர எல்லோரும் இறங்கிவிட்டோம். கீழே நின்று திரும்பிப் பார்த்தேன். அவர் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார். பஸ் அசையாமல் நின்றிருந்தது. அப்போதும் அவள் உள்ளங்கை கம்பியைவிட்டு நகரவில்லை.